ரம்மியை மூடிவிட்டார்கள், கடனை யார் மூடுவது?

(ஞாயிறு மாலை நடந்த வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்.)



இணையச் சூதாட்டத் தடை பற்றியும், அந்தத் தடை மீது மக்களுக்கு இருக்கும் கோபம் பற்றியும் பேசச் சொன்னார்கள். என் முனைவர் பட்ட ஆய்வு நுண்கடன் பற்றியது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கிராமங்களில் மகளிர் குழுக் கடன் வாங்கிய பெண்களிடம் மூன்று ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். சூதாட்டம் என் ஆய்வுத் தலைப்பிலேயே கிடையாது. ஆனால் "இந்தக் கடன எதுக்கும்மா வாங்கினீங்க?" என்று கேட்டால், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பையன் போன்ல ஏதோ ஆடுறான்மா" என்று தொடங்கிய அம்மாக்கள் பலர்.

அவர்கள் சொன்னதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அது என் வீட்டுக் கதையும்தான் என்று தெரிய எனக்கு ஒன்றரை ஆண்டு ஆனது.

என் தம்பிக்கு 26 வயது. சென்னையில் உணவு டெலிவரி வேலை. அவன் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். எனக்கு ஆய்வு உதவித்தொகை எட்டு மாதம் நின்று மொத்தமாக வந்த நேரம், "அக்கா, வண்டி அடிபட்டுருச்சு, நாப்பதாயிரம் ஆகும்னு சொல்றாங்க" என்றான். அனுப்பினேன். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நாற்பதாயிரம் ரம்மிக்குப் போனது. அதற்கு முன்பே அம்மாவின் இரண்டு சவரன் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருந்தது. அம்மா பெயரில் எடுத்த குழுக் கடன் ஐம்பதாயிரமும் போயிருந்தது. இவை போக மூன்று கடன் செயலிகள். எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்து எண்பதாயிரம் இருக்கும் என்று அவனே ஒரு கணக்குச் சொல்கிறான். அது சரியான கணக்கா என்று அவனுக்கும் தெரியாது.

2025 ஆகஸ்ட் 20ஆம் தேதி மக்களவையில், 21ஆம் தேதி மாநிலங்களவையில், கூச்சலுக்கு நடுவே விவாதமே இல்லாமல் ஒன்றிய அரசு ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எதுவானாலும் தடை. அதிர்ஷ்ட விளையாட்டா, திறமை விளையாட்டா என்ற பேச்சே இல்லை. அடுத்த சில நாட்களில் பெரிய நிறுவனங்கள் தங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின.

அந்த வாரம் நான் ஊரில் இருந்தேன். செய்தியைப் பார்த்து அம்மா சொன்னார்: "இதையே ரெண்டு வருசத்துக்கு முன்னாடி செஞ்சிருந்தா எஞ்செயின் கழுத்துல இருந்திருக்கும்." அன்று இரவு தம்பி போனில் கத்தினான்: "விட்டதப் பிடிக்கறதுக்குள்ள மூடிட்டாங்கக்கா. இவங்கள யாரு கேட்டா?"

ஏன் இவ்வளவு தாமதம் என்பது ஒரு கோபம். ஏன் மூடினாய் என்பது இன்னொரு கோபம். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே கடனின் இரண்டு முனைகளில் நிற்கின்றன. தொலைக்காட்சி விவாதங்களில் இரண்டாவது கோபத்தைத் தனிமனித சுதந்திரம் என்று அலங்காரமாகச் சொல்வார்கள். என் தம்பியின் கோபத்தில் சுதந்திரம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தோற்ற பணத்தைத் திரும்ப எடுக்க ஒரு வாசல் இருப்பதாக அவன் நம்பிக்கொண்டிருந்தான். அரசு வந்து அதைச் சாத்தியது. வாசலுக்கு இந்தப் பக்கம் கடன் மட்டும் அப்படியே நிற்கிறது. மறுநாள் காலை கடன் செயலியிலிருந்து வழக்கம்போல அழைப்பு வந்தது. அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

முதலில் அம்மாவின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஏன் இவ்வளவு தாமதம்?

தமிழ்நாடு தூங்கிக்கொண்டிருக்கவில்லை. 2020 நவம்பரில் அன்றைய அ.தி.மு.க. அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2021 தொடக்கத்தில் அது சட்டமானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்து வந்த தி.மு.க. அரசு 2022இல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது, அறிக்கை பெற்றது, அக்டோபரில் மீண்டும் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அக்டோபர் 19 அன்று சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் ஆர்.என். ரவி ஒப்புதல் கொடுக்கவில்லை. நவம்பர் 27ஆம் தேதி அவசரச் சட்டம் காலாவதியானது. டிசம்பரில் விளையாட்டு நிறுவனங்களின் பிரதிநிதிகள் ஆளுநரைச் சந்தித்தது பெரிய சர்ச்சையானது. மார்ச் 2023இல், இப்படிச் சட்டம் போட மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி மசோதாவைத் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மார்ச் 23ஆம் தேதி மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில்தான் கையெழுத்து விழுந்தது.

அதன் பிறகும் முடியவில்லை. 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், அவற்றைத் தடை செய்ய முடியாது, ஒழுங்குபடுத்தலாம் என்றது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் விதிகள் கொண்டுவந்தது. ஆதார் வழிச் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது, பதினெட்டு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. நிறுவனங்கள் மறுபடியும் நீதிமன்றம் போயின. ஜூனில் விதிகள் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. "நான் வேலை முடிச்சு ரூமுக்கு வர்றதே பன்னெண்டு மணிக்குத்தான். அந்த நேரத்தப் பாத்து மூடுறாங்க" என்று தம்பி அப்போதே புலம்பியிருக்கிறான். நான்தான் அதன் அர்த்தம் புரியாமல் சிரித்தேன்.

ஐந்து ஆண்டுகள். ஒரு மாநிலத்தின் சட்டமன்றம் ஒரே விஷயத்துக்காக மூன்று முறை வாக்களித்தது. உனக்கு அதிகாரம் இல்லை என்றார் ஆளுநர். முழுத் தடை கூடாது என்றது நீதிமன்றம். இடையில் ஒன்றிய அரசு 2023 அக்டோபர் முதல் இந்த ஆட்டங்களில் கட்டும் பணத்துக்கு 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. வசூலித்தது. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையிலேயே ட்ரீம்11 என்ற பெயர் இருந்தது. பிறகு ஒருநாள், மாநிலம் செய்யக் கூடாது என்று சொல்லப்பட்டதை ஒன்றியம் மூன்றே நாளில் செய்துகாட்டியது. மக்களின் இழப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய் என்று அப்போது அவர்களே மதிப்பீடு சொன்னார்கள். மாநில உரிமை என்று நாம் பேசும்போது அது ஏதோ டெல்லிக்கும் சென்னைக்கும் இடையிலான சண்டை என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஐந்து ஆண்டுத் தாமதத்தின் விலையை எங்கள் வீட்டில் சவரனில் கணக்கிடலாம்.

இந்தக் கதை முழுவதிலும் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். திறமை. இன்றைய பேச்சில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்தச் சொல்லைப் பற்றித்தான்.

மதராஸ் மாகாணத்தில் 1930இல் சூதாட்டச் சட்டம் வந்தது. அதில் ஒரு பிரிவு, தெருவில் சீட்டு, தாயம் வைத்துச் சூதாடுபவர்களையும் பொது இடத்தில் சேவல் சண்டை விடுபவர்களையும் தண்டிக்கிறது. இன்னொரு பிரிவு, திறமை மட்டுமே தேவைப்படும் விளையாட்டுகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. குதிரைப் பந்தய நாளில், பந்தயத் திடலுக்குள், அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் நின்று கட்டும் பணத்துக்குச் சட்டத்திலேயே நீண்டகாலம் விலக்கு இருந்தது. அதாவது ஒரே பணப் பந்தயம், தெருவில் நடந்தால் குற்றம். வேலி போட்ட திடலுக்குள் கனவான்கள் கட்டினால் குற்றமில்லை.

1968இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை விளையாட்டு என்றது. செகந்திராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் ஆடியவர்கள் மீதான வழக்கு அது. எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைத்து ஆட வேண்டியிருப்பதால் திறமை தேவைப்படுகிறது என்பது காரணம். 1974இல் தமிழ்நாடு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்தைச் சூதாட்டமாகக் கருத முடியாது என்றது. குதிரையின் உள்ளார்ந்த ஆற்றல், ஜாக்கியின் திறன், சுமக்கும் எடை, ஓடும் தூரம், இவற்றையெல்லாம் ஆராய்ந்து பணம் கட்டுவதால் அது திறமை என்றது. அரச மரத்தடியில் "உள்ளே வெளியே" ஆடுகிறவருக்கு இந்த ஆராய்ச்சிப் பெருமை எந்த நீதிமன்றத்திலும் கிடைத்ததில்லை.

நாளிதழைத் திறந்தால் உள்ளூர்ச் செய்திப் பக்கத்தில் பார்க்கலாம். பணம் வைத்துச் சீட்டாடிய எட்டுப் பேர் கைது, 52 சீட்டுகளும் சில ஆயிரம் ரூபாயும் பறிமுதல் என்று வரும். பெயர், வயது, ஊர் எல்லாம் போடுவார்கள். எங்கள் ஊர் நெடுஞ்சாலையில் ஒரு மனமகிழ் மன்றம் இருக்கிறது. ராத்திரி முழுக்க வெளியே கார்கள் நிற்கும். அங்கே யாரும் கைதானதாக என் வாழ்நாளில் நான் படித்ததில்லை. தம்பியின் விஷயம் வெளியே தெரிந்த பிறகு, அந்த மன்றத்துக்குப் போய்வருகிற நிலக்காரர் ஒருவர் என் அம்மாவிடம் சொன்னாராம்: "ஒங்க ஆளுங்களுக்குக் காசு வந்தா வச்சிக்கத் தெரியாதும்மா." அவர் தோற்றால் பொழுதுபோக்கு. நாங்கள் தோற்றால் சாதிக் குணம்.

தருமர் நாட்டை வைத்து, தம்பிகளை வைத்து, கடைசியில் மனைவியையும் வைத்து ஆடித் தோற்றார். இன்றுவரை அவர் பெயர் தருமர்தான்.

இட ஒதுக்கீடு என்று பேச்செடுத்த உடனே நம் முகத்தில் வீசப்படும் சொல் எது? தகுதி, திறமை. அந்தச் சொல் செய்யும் வேலை என்னவென்று இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. யாருக்கு நிலம் இருந்தது, யாருக்குப் பள்ளி இருந்தது, யார் வீட்டில் புத்தகம் இருந்தது என்ற வரலாற்றை அழித்துவிட்டு, ஜெயித்தவன் தன் தகுதியால் ஜெயித்தான், தோற்றவன் தன் குறையால் தோற்றான் என்று சொல்லவைக்கும். ரம்மி விளம்பரமும் அதையேதான் சொன்னது. இது திறமை விளையாட்டு, உன் திறமையைக் காட்டு என்றது. அப்படியானால் தோற்றவனுக்கு என்ன பெயர்? திறமை இல்லாதவன். என் தம்பி பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியவன். பள்ளிக்கூடம் அவனுக்கு ஒரு முறை அந்தப் பெயரைக் கொடுத்தது. செயலி தினமும் இரவில் அதே பெயரைக் கொடுத்தது. ஒருநாளாவது நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று அவன் திரும்பத் திரும்பப் போனதில் பேராசை பாதிதான். மீதி இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, திறமையால் ஜெயிக்க முடியுமா? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஆறு பேர் ஆளுக்கு நூறு ரூபாய் கட்டி உட்காருகிறார்கள். மொத்தம் 600. நிறுவனம் ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் ஜெயித்தவருக்குக் கொடுக்கும். நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆட்டத்துக்கு 60 ரூபாய். ஆளுக்கு நூறு கட்டிப் பத்து ஆட்டம் ஆடி முடித்தால் நிறுவனம் எடுத்தது 600. முதல் ஆட்டத்துக்கு ஆறு பேரும் போட்ட மொத்தப் பணமும் அவர்களிடம் போய்விட்டது. ஆறு பேருமே சம திறமைசாலிகள் என்றாலும் இதுதான் நடக்கும். திறமை தீர்மானிப்பதெல்லாம் யார் முதலில் காலியாவது என்பதைத்தான். மன்றத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகமாவது தெரியும். ராத்திரி வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுந்துவிடுவார்கள். செல்போனில் எதிரே இருப்பது யாரென்று தெரியாது. ஆட்டம் முடிந்த விநாடியே அடுத்த மேசை தயாராக இருக்கும். இந்த இரண்டையும் ஒரே விளையாட்டு என்று சொல்வதற்கு 1968ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே திறமை, அதிர்ஷ்டம் என்ற பிரிவினையைத் தூக்கிப் போட்டதில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் சரியானதைத்தான் செய்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. இப்போது வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. நிறுவனங்கள் மறுபடியும் அந்த ஒரே சொல்லைத்தான் கையில் எடுக்கும். நாம் அப்போது ஏமாறக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நேரம் இதைச் சொன்னேன்.

இனி தம்பியின் கேள்விக்கு வருகிறேன். "இவங்கள யாரு கேட்டா?"

தடை என்றவுடன் யோசிக்காமல் கைதட்ட எனக்கும் தயக்கம் உண்டு. நம்மை நல்வழிப்படுத்துகிறேன் என்று சொன்னவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். மனுஸ்மிருதியும் சூதாட்டத்துக்கு எதிரானதுதான். ஒன்பதாம் அத்தியாயத்தில், அரசன் சூதையும் பந்தயத்தையும் நாட்டை விட்டே ஒழிக்க வேண்டும் என்கிறது. சூதாடுபவரைத் தண்டிக்கச் சொல்லும் அதே சுலோகத்தில் இன்னொருவரையும் சேர்த்துத் தண்டிக்கச் சொல்கிறது. இருபிறப்பாளருக்குரிய அடையாளங்களை அணிந்துகொள்ளும் சூத்திரரை. இரண்டு குற்றமும் அவர்களுக்கு ஒரே வரிசை. சூதைத் தடுப்பது அங்கே மக்களின் பணத்தைக் காப்பாற்ற அல்ல. அவரவர் இடத்தில் அவரவரை வைத்திருக்க.

எனவே ஒரு தடைச் சட்டம் வந்தால் நாம் கேட்க வேண்டிய கேள்வி, அது கடையை மூடுகிறதா, ஆளைப் பிடிக்கிறதா என்பது. இந்த இடத்தில் நம் மாநிலச் சட்டத்தையும் விமர்சிக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் சட்டப்படி ஆடியவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஒன்றியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிக்கவில்லை. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம், விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்று வைத்திருக்கிறது. ஒன்றிய அரசு மீது நமக்கு ஆயிரம் விமர்சனம் இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர்களின் சட்டம் மேல். தோற்றவனைக் குற்றவாளியாக்கினால் அவன் காவல் நிலையத்துக்கும் போகமாட்டான், மருத்துவமனைக்கும் போகமாட்டான். கடன் செயலிக்காரன் மிரட்டினால் புகார் கொடுக்க அவனுக்கு வாய் இருக்காது.

"டாஸ்மாக்கத் தெறந்து வச்சிட்டு ரம்மிய மட்டும் ஏன் மூடுறீங்க?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியின் முடிவு ரம்மியையும் திற என்பதாக இருக்க முடியாது. அரசு எந்த வருமானத்தை விடத் துணிகிறது, எதை விடத் துணியவில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. "என் காசு, என் விருப்பம்" என்பவர்களுக்கும் பதில் உண்டு. என் வீட்டில் போனது என் தம்பியின் காசு மட்டும் இல்லை. என் அம்மா பெயரில் இருக்கும் குழுக் கடனை, அம்மா கட்டாத வாரத்தில், குழுவில் இருக்கும் மற்ற பெண்கள் கட்டுகிறார்கள். வசூலுக்கு வருபவர் தவணை முடியும்வரை தெருவில் உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டு அக்கா தன் நூறு நாள் வேலைக் காசில் என் தம்பியின் ரம்மிக்குக் கட்டியிருக்கிறார். அந்த அக்காவின் விருப்பத்தை யார் கேட்டார்கள்?

தடை மட்டும் போதாது என்பதற்கு நம்மிடம் பழைய பாடம் இருக்கிறது. 1968இல் தமிழ்நாடு அரசே பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கியது. 2003 ஜனவரியில் லாட்டரி தடை செய்யப்பட்டது. லாட்டரி ஒழிந்ததா? மூணு நம்பர் லாட்டரியாக வெள்ளைத் தாளில் எழுதி விற்றார்கள். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழில் செய்த ஒருவரின் குடும்பமே, மூன்று பெண் குழந்தைகளோடு, அந்தக் கடனில் அழிந்தது. தடை வந்து பதினாறு ஆண்டுகள் கழித்து. அந்த ஊரில்தான் நான் ஆய்வுக்காகப் பேருந்து மாறுகிறேன். ஒவ்வொரு முறையும் அது நினைவுக்கு வருகிறது.

ஏன் ஒழியவில்லை? நான் சந்தித்த பெண்களிடமிருந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நம் மக்களுக்கு வருமானம் இருக்கிறது. தினக் கூலியாக, வாரக் கூலியாக, ஆர்டருக்கு இவ்வளவு என்று வருகிறது. அவர்கள் கையில் ஒருபோதும் வராதது மொத்தமாக ஒரு தொகை. வீட்டு அட்வான்ஸ், கல்யாணம், மருத்துவமனை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் மொத்தத் தொகை கேட்கின்றன. சிலருக்கு அது நிலத்தை விற்றால் வரும், பாட்டன் சொத்தாக வரும், வங்கிக்குப் போய்ப் பத்திரத்தை நீட்டினால் வரும். நிலமும் பத்திரமும் இந்த நாட்டில் சாதி பார்த்துத்தான் கைமாறி வந்திருக்கின்றன. பத்திரம் இல்லாதவர்களுக்கு மொத்தத் தொகை வர இரண்டு வழிதான். ஒன்று வட்டிக்கடன். இன்னொன்று அதிர்ஷ்டம். லாட்டரிச் சீட்டும் ரம்மி செயலியும் விற்றது அந்த இரண்டாவது வழியை. முதல் வழியில் வாங்கிய பணத்தை இரண்டாவது வழியில் போட வைத்ததுதான் செல்போன் செய்த புதிய வேலை. ஒரே திரையில் கடன் செயலியும் இருக்கிறது, ஆட்டமும் இருக்கிறது. விரலைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.

இப்போது ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். கடன் திரையிலேயே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து நடத்தும் கள்ளச் செயலிகள் வேறு, வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் இணைப்பு அனுப்புகின்றன. கடனில் நிற்பவன் கண்ணுக்கு அதுதான் முதலில் படும்.

ஆகவே நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் என்று நான் நினைப்பவை இவை.

ஆடியவரைத் தண்டிக்கும் பிரிவை மாநிலச் சட்டத்திலிருந்து நீக்க வேண்டும்.

கடன் வசூல் மிரட்டலுக்கு எதிராக நம்மிடம் சட்டங்கள் இருக்கின்றன. 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கட்டாய வசூலுக்கு எதிராக 2025இல் தமிழ்நாடு புதிதாக ஒன்று இயற்றியிருக்கிறது. சூதாட்டத்தில் சிக்கியவர் புகார் கொடுத்தால், "நீ ஏன் ஆடினாய்?" என்று கேட்காமல் அந்தச் சட்டங்களின் கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டும். மாவட்டந்தோறும் அதற்கென்று ஓர் அலுவலர் இருக்க வேண்டும்.

இது ஒரு நோய் நிலை என்று ஏற்று, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுகளில் குடும்பத்தோடு சேர்த்து ஆலோசனை தர வேண்டும். 104 என்ற எண்ணும் 14416 என்ற எண்ணும் எல்லா நேரமும் இருக்கின்றன. நம் தெருவில் எத்தனை பேருக்கு அவை தெரியும்?

தாட்கோ போன்ற நிறுவனங்கள் தொழிலுக்கு மட்டும் என்று இல்லாமல், அவசரத் தேவைக்கும் அடகின்றி, விரைவாக, குறைந்த வட்டியில் சிறு தொகை தரும் நிலை வர வேண்டும். மொத்தத் தொகைக்கு மூன்றாவதாக ஒரு வழி இல்லாதவரை எந்தத் தடையும் ஓட்டைப் பானைதான்.

கடைசியாக, நமக்கு. நம் கூட்டங்களில் சாதியைப் பேசுகிறோம், மதத்தைப் பேசுகிறோம். வீட்டுக் கடனைப் பேசக் கூச்சப்படுகிறோம். நானே கூச்சப்பட்டேன். அடுத்தவர் வீட்டுக் கடனை மூன்று ஆண்டுகள் எழுதியவள், என் அம்மாவின் கழுத்தில் சங்கிலி இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை. அந்த நிலக்காரர் சொன்ன வார்த்தை உண்மையாகிவிடுமோ என்ற பயத்தில்தான் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். பிள்ளைகள் சாகிற வரை மூடிக்கொள்கிறோம்.

தம்பி இப்போதும் வண்டி ஓட்டுகிறான். செல்போனை ராத்திரி அறை நண்பனிடம் கொடுத்துவிட்டுத் தூங்குகிறான். மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறான், நானும் கட்டுகிறேன். இந்தக் கூட்டத்தில் பேசப் போவதாக நேற்று அவனிடம் சொன்னேன். என் கதையைச் சொல்வாயா என்று கேட்டான். வேண்டாம் என்றால் சொல்லவில்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "சொல்லு. பேரு மட்டும் சொல்லாத. தெறந்து வச்சவனும் எங்கிட்ட எதுவும் கேக்கல, மூடுனவனும் எவ்வளவு கடன் இருக்குன்னு கேக்கல. அதையும் சேத்துச் சொல்லு."

சொல்லிவிட்டேன்.